அருவித் தண்ணீர் பட்ட கார்டுகள்

"குளிச்சிட்டு வாற ஆச்சிமாரே, அக்காமாரே! தலையத் துவட்டிக்கிட்டே ஒரு பதில் சொல்லுங்க. தேவகிக்கு அவ மக கிடைக்கணுமா, வேண்டாமா?"

குற்றாலம் பேரருவிக்குப் போகும் வழியில், பூப்போட்ட நைட்டிகள் வரிசையாகத் தொங்கும் கடை ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு ஒரு பெண் இப்படிக் கேட்டாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டு போன பெண்கள் அத்தனை பேரும் சட்டென்று நின்றார்கள். எந்தத் தேவகி என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை!

"கிடைச்சே ஆகணும்!" என்றது ஒரு குரல்.

"அந்த மாமியாக்காரி நல்லா இருப்பாளா?" என்றது இன்னொன்று.

"அப்படின்னா இந்தாங்க தபால் கார்டு, இந்தாங்க பேனா. மனசுல இருக்கத அப்படியே எழுதுங்க. அடியில உங்க ஊரு அட்ரஸப் போடுங்க. துட்டு ஒண்ணும் வேண்டாம்."

தலையில் முக்காடு நழுவ நழுவ, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கார்டை நீட்டியவள்தான் ராபியா. ஊர் கடையநல்லூர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மற்ற மாதங்களில் வீட்டுத் தையல் மிஷினில் நைட்டி தைப்பாள். சீசன் தொடங்கிவிட்டால் அவற்றை மூட்டை கட்டிக்கொண்டு தென்காசி வந்து, அங்கே இன்னொரு பஸ் மாறி, மேலகரம் வழியாகக் குற்றாலம் வந்து இறங்குவாள். அருவியைப் பார்க்க வருகிற பெண்களில் பாதிப் பேர் "நான் குளிக்கல, சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்றுதான் வருவார்கள். தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டதும் மனசு மாறிவிடும். மாற்றுத் துணி இருக்காது. அந்த மனமாற்றத்தில்தான் ராபியாவின் பிழைப்பு நடந்தது.

அப்படிப்பட்டவள் அந்த வருடம் வியாபாரத்தை இரண்டாவதாக வைத்துவிட்டாள். கார்டுதான் முதலில். பக்கத்துக் கடையில் எண்ணெயும் சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும் விற்கும் பாலம்மாள் அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏட்டி ராபியா, வாறவளுவகிட்ட நைட்டி வாங்குங்கன்னு இப்படி ஒரு நாளாவது கத்திருக்கியா?"

"நைட்டி இல்லன்னா துண்டச் சுத்திக்கிட்டுப் போயிருவாவ, பாலம்மாக்கா. மக இல்லன்னா தேவகி என்ன செய்வா?"

பாலம்மாளும் தேவகி வரும் டிவி சீரியலைப் பார்த்து அழுதவள்தான்.

'தாழம்பூ வீடு' என்பது அந்த சீரியலின் பெயர். தேவகி பெற்ற குழந்தை செத்துப் பிறந்ததாக மாமியார் ராஜாம்பாள் சொல்லிவிடுவாள். உண்மையில் அந்தக் குழந்தை அதே தெருக்கோடியில் ஒரு பூக்காரியிடம் வளரும். மல்லிகா என்று பெயர். தினமும் காலையில் தேவகி தன் வீட்டு வாசலில், தான் பெற்ற மகளிடமே, அது தன் மகள் என்று தெரியாமல் பூ வாங்குவாள். ஐயோ, அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது! கடைசியில் ஒருநாள் மல்லிகா பூவை அளந்து நீட்டும்போது வளையல் விலகி, மணிக்கட்டில், தேவகிக்கு இருப்பது போலவே ஒரு மச்சம் தெரியும். தேவகி அதைப் பார்ப்பாள். அவள் கண் விரியும். அவ்வளவுதான். 'தொடரும்' என்று போட்டார்கள்.

தொடரவில்லை. மறுநாள் ஏழு மணிக்கு அந்த இடத்தில் ஒரு சமையல் போட்டி ஓடியது.

தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது. ஆனால் ராபியாவின் வீட்டில் நின்றுபோனது சீரியல் மட்டும் அல்ல. அதைச் சொல்ல, அவள் கணவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

முகம்மது ரபீக் குவைத்தில் பஸ் டிரைவர். ஒரு கம்பெனியின் ஆட்களைக் காலையில் வேலை நடக்கும் இடத்தில் இறக்கிவிடுவார். சாயங்காலம் போய் ஏற்றிக்கொண்டு வருவார். கல்யாணமான மறு வருடமே விமானம் ஏறியவர். லீவில் வருவார், போவார். தங்கமான மனிதர். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. பேச்சும் கிடையாது.

போன் வரும்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"ம்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கும்.

"சரி, வைக்கட்டா?"

வருடக்கணக்காக இதுதான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை. மகள் சஃப்ரின் வீட்டில் இருந்தவரை அது ராபியாவுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. சஃப்ரினை ஏர்வாடியில் கட்டிக்கொடுத்த பிறகு, அந்த மௌனம் வீடு முழுக்கப் பரவிவிட்டது.

அந்தக் கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தபோதுதான் ரபீக் 'தாழம்பூ வீடு' பார்க்க ஆரம்பித்தார். முதலில் பேப்பர் படிப்பதுபோல் ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டே பார்த்தார். திரும்பிப் போகும்போது சஃப்ரின் அவருடைய போனில் அந்த சேனலைப் பார்ப்பதற்கு வழி செய்து கொடுத்தாள்.

அதன் பிறகு நடந்ததை ராபியா ஒரு அதிசயம் என்றே சொல்வாள். நம் ஊரில் சீரியல் ஓடும் நேரத்தில் அவர் அங்கே பஸ்ஸை நிறுத்திவிட்டு ஆட்கள் வேலை முடிந்து வருவதற்காகக் காத்திருப்பார். ஸ்டியரிங்கின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பார். சீரியல் முடிந்த உடனே போன் அடிக்கும்.

"ஏட்டி, பாத்தியா அந்த ராஜாம்பாள? அல்லாவுக்குக்கூட பயப்படாதவளா இருக்காளே!"

"நீங்க மட்டும்? போன வாரம் அவளுக்குப் பரிஞ்சு பேசுனீயளே மச்சான்!"

"அப்ப எனக்கு முழுக்கதை தெரியாதுல்லா!"

ஆட்கள் வந்து வண்டியில் ஏறும்வரை பேச்சு நிற்காது. ஒரு தடவை தேவகி காய்ச்சலோடு தனி அறையில் கிடப்பதாகக் காட்டினார்கள். தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை. அன்றைக்கு போனில் ரபீக் வழக்கம்போல் ஆரம்பிக்கவில்லை. "ராபியா, நீயும் இப்படித் தனியாக் கெடந்தியோ?" என்று கேட்டார்.

அவள் கிடந்திருக்கிறாள். சஃப்ரின் வயிற்றில் இருந்தபோது, பிறகு ஒரு மழைக்காலத்தில், இன்னும் எத்தனையோ தடவை. எதையும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சளி பிடிச்சிருக்கு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து, கணவன் தனக்காக அழுததை அன்றுதான் ராபியா முதன்முதலாகக் கேட்டாள்!

இப்போது சொல்லுங்கள், அவளுக்கு அது வெறும் சீரியலா?

சீரியல் நின்ற அன்று அவர் போன் செய்தார். "நிறுத்திட்டானுவ போலயே" என்றார். "ஆமா மச்சான்" என்றாள். "சரி விடு. கததானே" என்றார். அடுத்த நாள் "சாப்ட்டியா" திரும்பி வந்துவிட்டது. அதற்கடுத்த நாள் "வைக்கட்டா"வும் வந்துவிட்டது.

அந்த 'கததானே' ராபியாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவருக்கு அது அவ்வளவுதானா? பேசியதெல்லாம் பொழுது போகாமல்தானா? கேட்க வாய் வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் முடிவு செய்தாள். தேவகியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வந்துவிட்டால் அவரும் வந்துவிடுவார்.

முதலில் சேனலுக்கு போன் செய்தாள். எடுத்த பையன், "டிஆர்பி இல்லம்மா, அதான் நிறுத்திட்டாங்க" என்றான். சில வீடுகளில் மட்டும் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், அந்த வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் கணக்கு என்று விளக்கினான்.

ராபியா அதை அப்படியே பாலம்மாளிடம் வந்து சொன்னாள். பாலம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க மேலகரத்துல ஒரு வீட்லயும் அப்படிப் பெட்டி கிடையாதே! அப்ப நான் அழுதது எந்தக் கணக்குலட்டி வரும்?"

"கணக்குலயே வராதாம் யக்கா."

"ஓகோ! நாம அழுதா கண்ணீர் இல்லியோ? எழுதுட்டி லெட்டர்!"

"நாம ரெண்டு பேரு எழுதுனா கேப்பாவளா?"

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து தஞ்சாவூர்ப் பேச்சோடு ஒரு கூட்டம் இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று, சேலம் பதிவெண்ணோடு. அதன் பின்னால் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பெரிய பஸ். பாலம்மாள் அதைப் பார்த்தாள். ராபியாவும் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தமிழ்நாடே இங்கே வந்து குளிக்கிறது! இவர்கள் எதற்கு ஊர் ஊராகப் போக வேண்டும்?

மறுநாளே தொடங்கியது. குற்றாலம் தபால் ஆபீசில் இருந்த கார்டுகள் தீர்ந்து, தென்காசியிலிருந்து வாங்கி வந்தார்கள். பாலம்மாள் ஜெல் பேனா கட்டு ஒன்றை வாங்கிப் போட்டாள். எண்ணெய் டின்னின் மேல் பலகையைப் போட்டு எழுதும் மேஜை ஆக்கினாள். பெண்கள் சொட்டச் சொட்ட நின்று எழுதினார்கள். "தேவகியம்மா, நீங்கள் கலங்க வேண்டாம்" என்று தேவகிக்கே கார்டு எழுதினாள் ஒரு புதுப்பெண். "ராஜாம்பாளுக்குத் தண்டனை கிடைக்காவிட்டால் கேபிளைப் பிடுங்கிவிடுவேன்" என்று எழுதினாள் கரூர்க்காரி. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மாள், மருமகளை எழுதச் சொல்லிவிட்டு, "மாமியாரைப் பத்தி எழுதும்போது மட்டும் நீ ரொம்ப அழுத்தி எழுதுதியே" என்று அவளை முறைத்தாள். கடை முன்னால் ஒரே சிரிப்பு!

சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன் அன்றைய கார்டுகளை எல்லாம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துத் தபால் பெட்டியில் ராபியா கொண்டுபோய்ப் போடுவாள். தபால்காரர் முத்துகுமரன் அவளைக் கண்டாலே கும்பிடுவார்.

"யக்கா, உங்களால பெட்டி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கி. மத்தவங்க ஒரு லெட்டர் போட முடியல."

"இன்னும் கொஞ்ச நாள்தான் அண்ணாச்சி. தேவகி வந்துருவா."

கணவரிடம்தான் எதையும் சொல்லவில்லை. 'கததானே' என்றவரிடம் என்னவென்று சொல்வது? ஊர் சிரிக்கும் என்பார். அதனால் "சாப்ட்டியா"வுக்கு "சாப்ட்டேன்" என்று மட்டும் பதில் சொன்னாள். நெஞ்சு நிறைய கரூரும் சேலமும் தஞ்சாவூரும் பொங்கிக்கொண்டிருக்க, வாயில் அந்த ஒரு வார்த்தைதான். மறைக்க மறைக்க மௌனம் இன்னும் கனத்தது.

பிறகு ஒருநாள், கடையில் நல்ல கூட்டமாக இருந்த நேரத்தில், சென்னையிலிருந்து போன் வந்தது. தான் எழுதிய கார்டில் ராபியா தன் போன் நம்பரைப் போட்டிருந்தாள்.

"ராபியாதானே? நான் சேனல்லருந்து உமா மகேஸ்வரி பேசறேன். நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பு நான்தான்."

ராபியா சந்தோஷத்தில் பாலம்மாளின் கையைப் பிடித்துக் கிள்ளினாள். "சொல்லுங்கம்மா! கார்டெல்லாம் வந்துதா?"

"வந்துது. இதுக்கு எவ்வளவு செலவு பண்ணீங்க?"

"செலவெல்லாம் பெருசு இல்லம்மா."

"யாரு பண்ணச் சொன்னது? அந்த சீரியல் தயாரிப்பாளரா?"

ராபியாவுக்குப் புரியவில்லை.

"சேலம், கரூர், தஞ்சாவூர், காஞ்சிபுரம்னு ஊர் ஊரா அட்ரஸ் எழுதியிருக்கீங்க. ஆனா எல்லாக் கார்டுலயும் தபால் முத்திரை குற்றாலம்! சேலத்துல இருக்கறவங்க எதுக்கும்மா குற்றாலத்துல வந்து கார்டு போடறாங்க? அதுகூடப் பரவாயில்ல. ஒவ்வொரு கார்டுலயும் தண்ணி தெளிச்சு, மையைக் கலைச்சு, கண்ணீர் விட்டு எழுதின மாதிரி... இது ரொம்ப அசிங்கமா இருக்கு."

"அம்மா, அது கண்ணீர் இல்லம்மா. அருவித் தண்ணிம்மா!"

"என்ன, கிண்டலா?"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

ராபியா அப்படியே நின்றாள். தலைக்கு மேல் நைட்டிகள் காற்றில் ஆடின. சாரல் முகத்தில் அடித்தது. எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! ஊரெல்லாம் தேடி வந்து எழுதிய கார்டுகளை ஒரே பெட்டியில் அல்லவா கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறாள்! குற்றாலத்துக்காரர்களுக்கு, வெளியூர் ஆள் இங்கே வந்து நிற்பது காலங்காலமாகப் பார்த்த காட்சி. அதில் என்ன சந்தேகம் வரும்? ஆனால் சென்னையில் ஏசி அறையில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது அப்பட்டமான பித்தலாட்டம்.

"பித்தலாட்டக்காரின்னு சொல்லிட்டாவளே, யக்கா" என்றாள். அதற்கு மேல் முடியவில்லை. நைட்டி ஒன்றை இழுத்து முகத்தில் மூடிக்கொண்டாள்.

"அழுவாதட்டி" என்ற பாலம்மாளின் கண்ணிலும் நீர். "அவளுக்கு ஒரு வண்டி பிடிச்சு இங்கன கூட்டியாந்து, அருவிக்கடியில நிப்பாட்டிட்டு, அப்புறம் கார்டு எழுதச் சொல்லணும். காஞ்ச கார்டா எழுதுதாளான்னு பாப்போம்!"

அன்று சாயங்காலம் ரபீக் போன் செய்து "சாப்ட்டியா?" என்றபோது, ராபியாவால் "சாப்ட்டேன்" என்று சொல்ல முடியவில்லை. அணை உடைந்தது. கார்டு, சேலம், தண்ணீர்க் கறை, உமா மகேஸ்வரி, பித்தலாட்டம், எல்லாவற்றையும் அழுகையோடு அழுகையாகக் கொட்டினாள். கடைசியில், இத்தனை நாளாக நெஞ்சில் இருந்த முள்ளையும் பிடுங்கிப் போட்டாள்.

"உங்களுக்கு அது கததான் மச்சான். எனக்கு அப்படி இல்ல. தேவகி போனதும் நீங்களும் போயிட்டீய."

அந்தப் பக்கம் வண்டிக்கு ஆட்கள் வந்துவிட்டது போலக் கதவு திறக்கும் ஒலி கேட்டது. "வைக்கேன்" என்றார். போன் நின்றது.

ராபியா அன்றைக்கு மிஷினில் உட்கார்ந்து, தைத்த தையலையே பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தாள்.

மறுநாள் உச்சிப் பொழுதில், கடையில் இருக்கும்போது அவர் போன் வந்தது. அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டதே கிடையாது! யாருக்கு என்ன ஆனதோ?

"அல்லாவே! என்ன மச்சான்? உடம்புக்கு என்ன?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ அழுகய நிறுத்திட்டியா? இல்லன்னா முதல்ல நிறுத்து. நான் சொல்லுதத கேளு." அவர் குரலில் ஒரு வேகம் இருந்தது. "லெட்டர எங்க போடணும்னு அட்ரஸ் அனுப்பு. இங்க நம்ம கேம்ப்ல அத்தன பயலும் எழுதுதேன்னுட்டான். ஆலங்குளத்துப் பையன் விஜய்பாண்டி ரூம் ரூமா போயிக் கேட்டுட்டு வந்துட்டான். குவைத் ஸ்டாம்பு ஒட்டிப் போனா, குற்றாலம்னு எவ சொல்லுதான்னு பாப்போம்!"

ராபியா முக்காட்டை விலக்கி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அப்புறம் உன் கார்டு விசயம். ஏட்டி, உனக்கு மூளை இருக்கா? வேன்ல வாற பொம்பளைங்க குளிக்கப் போயிருவாவ. வேன் டிரைவர் எங்க போவான்? எங்கனயும் போக மாட்டான். வண்டிப் பக்கத்துலயே கெடப்பான். அது எனக்குத் தெரியாதா? என் பொழப்பே அதுதானே! நேரா வண்டி நிக்கிற இடத்துக்குப் போ. அந்தந்த ஊரு கார்ட அந்தந்த ஊரு டிரைவர் கையில குடு. அவன் ஊருல போய் பெட்டில போடட்டும். காத்துக் கெடக்கறவனுக்குத்தான் ஒரு வேலைய ஒழுங்காச் செய்யத் தோணும்."

"மச்சான்..."

"இன்னொண்ணு." இப்போது குரல் பழையபடி தயங்கியது. "கததானேன்னு சொன்னேம்லா. நீ வருத்தப்படக் கூடாதேன்னுதான் அப்படிச் சொன்னேன். நான் தெனமும் அதே நேரத்துக்கு வண்டிய நிப்பாட்டிட்டு, பழைய பாகத்தத்தான் திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டு இருக்கேன். பாத்து முடிச்சிட்டு ஒனக்கு போன் போட்டா, புதுசா என்ன பேசன்னு தெரியல."

ராபியா அழுதாள். ஆனால் நேற்றைய அழுகை வேறு, இது வேறு. பாலம்மாள் பதறிப்போய் ஓடி வந்தாள். "என்னட்டி, மறுபடியும் மெட்ராஸ்காரியா?"

"இல்லக்கா, எங்க வீட்டுக்காரரு!"

அடுத்த நிமிடமே இரண்டு பேரும் கடைகளைப் பக்கத்துச் சிப்ஸ் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கார்டுக் கட்டோடு வண்டிகள் நிற்கும் இடத்துக்கு ஓடினார்கள். ரபீக் சொன்னது அட்சரம் பிசகவில்லை. டிரைவர்கள் இருந்தார்கள். சீட்டைச் சாய்த்துத் தூங்குகிறவர்கள், டயர் பக்கம் உட்கார்ந்து சீட்டு விளையாடுகிறவர்கள், ஒன்றும் செய்யாமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பாலம்மாள் ஒரு வேனின் கதவைத் தட்டினாள்.

"ஏ தம்பி, நீ எந்த ஊரு?"

"நாமக்கல்லுக்கா. வேல்சாமி. ஏன், வண்டிய எடுக்கணுமா?"

"வண்டிய எடுக்காண்டாம். எங்க தேவகியக் காப்பாத்தணும்."

வேல்சாமி எழுந்து உட்கார்ந்தான். "தாழம்பூ வீடா? யக்கா, குடுங்க இங்க! அது நின்ன நாள்ல இருந்து என் பொண்டாட்டி அந்தக் கோவத்தையெல்லாம் என் மேல காட்டறா. நான்தான் நிறுத்தினேங்கற மாதிரி!"

வரிசையாக நின்ற வண்டிகளில் சிரிப்புப் பரவியது. "ஈரோடு கார்டு இருந்தா இங்க தாங்க", "விழுப்புரம் இந்தப் பக்கம்" என்று கைகள் நீண்டன. ஒரு டிரைவர், தன் ஊர்க் கார்டு இல்லை என்று தெரிந்ததும், "அப்ப நானே எழுதறேன், பேனாவக் குடுங்க" என்று ஸ்டியரிங்கில் வைத்து எழுதினார். அதற்குப் பிறகு சீசன் முழுக்க அதுதான் வழக்கம். காலையில் வேன் வந்து நின்றதும் டிரைவரே கடைக்கு வந்து, "எங்க ஊரு ஆளுங்க குளிக்கப் போயிருக்காங்க. வந்ததும் எழுத வைங்க, நான் கொண்டுபோறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

போனோ, ஐயோ, கேட்கவே வேண்டாம்!

"இன்னைக்கு எந்த ஊரு?"

"ராமநாதபுரம் மச்சான்! ஒரு பஸ் முழுக்க!"

"இங்க ஒரு வங்காளத்துப் பையன் எழுதிருக்கான். அவனுக்கு ஒரு வார்த்த தமிழ் புரியாது. விஜய்பாண்டி கதயச் சொன்னதும், பெத்த அம்மாகிட்டயே அம்மான்னு தெரியாம அந்தப் பிள்ள பூ வித்துச்சான்னு அழுதுட்டான்!"

தண்ணீர்க் கறையை மட்டும் தவிர்க்க முடியவில்லை. பாலம்மாள் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கையத் தொடச்சிட்டு எழுதுங்கம்மா" என்று கெஞ்சிப் பார்த்தாள். கை காய்ந்தாலும் தலை சொட்டியது. தலை காய்ந்தாலும் சாரல் விடவில்லை.

சீசன் முடியும் தறுவாயில், அருவியில் தண்ணீர் மெலிந்து வந்த ஒருநாள், மறுபடி அந்த நம்பரிலிருந்து போன். ராபியா பிஸ்மி சொல்லிக்கொண்டு எடுத்தாள்.

"ராபியாம்மா." உமா மகேஸ்வரியின் குரல் மாறியிருந்தது. "நாமக்கல் முத்திரையோட வருது. ஈரோடு, விழுப்புரம், ராமநாதபுரம். குவைத்லருந்து கட்டுக்கட்டா வருது. எங்க ஆபீஸ்ல வைக்க இடம் இல்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குப் புரியணும். நாமக்கல்லருந்து வந்த கார்டுலயும் தண்ணிக் கறை இருக்கே. அது எப்படி?"

"அம்மா, நான் அன்னைக்கே சொன்னேன். அது அருவித் தண்ணி. குளிச்சிட்டு வந்து நின்னு எழுதுனாவ. டிரைவர் தம்பிமாரு ஊருக்குக் கொண்டுபோயிப் போட்டாவ."

அந்த அம்மாள் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "நான் அன்னைக்குப் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். "ரெண்டு வாரம் தர்றாங்க. கதையை முடிச்சுக் காட்டப் போறோம். தேவகிக்கு அவ பொண்ணு கிடைச்சுடுவா."

ராபியா போட்ட கூச்சலில், நைட்டி விலை கேட்டுக்கொண்டிருந்த பெண் பயந்து இரண்டு அடி பின்னால் போனாள். பாலம்மாள் ஷாம்பு பாக்கெட் சரத்தைப் பிய்த்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சும்மா கொடுத்தாள். முத்துகுமரன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, "அப்ப இனி என் பெட்டி தப்பிச்சுதா?" என்றார்.

விளம்பரத்தில் அந்தக் கார்டுகளையே காட்டினார்கள். நீல மை கரைந்து ஓடிய கார்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. "தமிழ்நாடே கண்ணீர் விட்டுக் கேட்டது" என்று ஒரு கம்பீரமான குரல் சொன்னது. பாலம்மாள் டிவியைப் பார்த்து, "எங்க அருவி விட்ட கண்ணீருலே அது!" என்று கத்தினாள்.

இரண்டு வாரமும் ஓடின. ரபீக் ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்தார். ராபியா சோற்றுத் தட்டோடு டிவி முன் உட்கார்ந்தாள். பேச்சு அருவியாகக் கொட்டியது. ஆனால் கடைசி நாள் நெருங்க நெருங்க ராபியாவுக்கு ஒரு பயம். இந்தத் தடவை சீரியலை யாரும் பாதியில் நிறுத்தவில்லை. முடிந்தே போகப் போகிறது. இனி கார்டும் இல்லை, சீசனும் இல்லை. நாளைக்கு என்ன பேசுவது?

கடைசிப் பாகம் வந்தது. தேவகி மகளின் கையைப் பிடித்து அந்த மச்சத்தில் முத்தமிட்டாள். ராபியா விம்மி விம்மி அழுதாள். அப்போது ராஜாம்பாள் வந்து தேவகியின் காலில் விழுந்தாள். தேவகி அவளைத் தூக்கி நிறுத்தி, "நீங்க பெரியவங்க" என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். 'நிறைவு' என்று போட்டார்கள்.

ராபியா டிவியை அணைத்தாள். வீடு நிசப்தமானது. கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்தது. எடுத்தாள். ஒன்றும் பேசவில்லை. அந்தப் பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும்.

போயிற்று, என்று நினைத்தாள். இனி 'சாப்ட்டியா'தான்.

"ஏட்டி!" என்று வெடித்தது ரபீக்கின் குரல். "இதுக்கா நாம இந்தப் பாடு பட்டோம்? பெத்த பிள்ளயப் பிரிச்சவள ஒரு நிமிசத்துல மன்னிச்சிருவாளா அவ? போட்டோ எடுக்கானுவளாம் போட்டோ!"

"நானும் அதத்தான் மச்சான் நினைச்சேன்! 'நீங்க பெரியவங்க'ன்னு சொல்லுதா! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு..."

"பத்து வருசம் செயில்ல போட்டிருக்கணும்!"

"செயில் எதுக்கு? அந்தப் பூக்கூடயத் தூக்கிக்கிட்டு அதே தெருவுல பூ விக்க விட்டிருக்கணும்!"

"அடி சக்க! இது அந்தக் கதை எழுதுனவனுக்குத் தோணலயே!"

பின்னால் வண்டியில் ஆட்கள் ஏறும் சத்தம் கேட்டது. "அண்ணே, வண்டிய எடுங்க, பசிக்கி" என்றது விஜய்பாண்டியின் குரல்.

"இருலே, வீட்ல முக்கியமான விசயம் பேசிக்கிட்டு இருக்கேன்" என்று அவனை அடக்கிவிட்டு, ரபீக் போனுக்குத் திரும்பினார்.

"ராபியா, கார்டு ஏதும் மிச்சம் இருக்கா?"